தூக்காமலே எழும்பிய தொட்டி

இதில் ஒரு கால், ஒரு கொம்பு, ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது. சத்தியம். சந்தேகம் உள்ளவர்கள் கடைசிவரை படித்துவிட்டு, நேரே அந்தச் சோப்புத் தொழிற்சாலைக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். அது அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தொட்டி தன் வயிற்றுக்குள் ஒரு வெல்டரை வைத்துக்கொண்டு, யாரும் தூக்காமல் குழியிலிருந்து எழும்பத் தொடங்கியதை முதலில் பார்த்தவர் கிரேன் ஓட்டுநர். உள்ளே இருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லாவிட்டால் கதை நகராது.

கிரேன் ஓட்டுநரைத் தொழிற்சாலையில் எல்லோரும் கொக்கு என்பார்கள். கழுத்து அப்படி. கேபினில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக நீட்டினால், கீழே நிற்பவர் சட்டைப்பையில் என்ன வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். கை அதைவிட நயம். அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழியின் அடியிலிருந்து கிரேன் கொக்கியாலேயே முட்டையை எடுத்தவர் அவர். கோழிக்கு விஷயமே தெரியாது. பொழுது சாயும்வரை வெறும் தரையைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தபந்தம் பூராவும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், மச்சான் ஒரு கேள்வி கேட்டார்.

"மாமா, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. தூக்குறது மெஷின். அதுபாட்டுக்கு மேல போகுது, அதுபாட்டுக்கு கீழ வருது. நீங்க அங்க உக்காந்து என்னதான் பண்றீங்க?"

வீடே சிரித்தது. கட்டிய மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை நீண்ட கழுத்து பார்த்துவிட்டது. கொக்கு பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டில் பேசாமல் இருக்கலாம். வேலையில் எப்படி? கிரேன் நிறுத்திப் பிடிப்பதைத்தான் வெல்டர் பற்றவைக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவர் சிக்னல்மேன். கீழே நின்று கையாலேயே கிரேனுக்கு வழிகாட்டுகிறவர். கைப்பேச்சு ஊறிப்போய், வீட்டில் குழம்பு வேண்டுமென்றால்கூட உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல ஆட்டுவார். மனைவியும் கரண்டியை அதே வேகத்தில் இறக்குவாள்.

"வெல்டர் சார்கிட்ட சொல்லுங்க, கொக்கி வருது, தலையை இழுத்துக்கட்டும்னு" என்பார் கொக்கு.

"கிரேன் சார்கிட்ட சொல்லுங்க, எனக்குத் தலை இருக்கிற இடம் தெரியும்னு" என்பார் மச்சான்.

இருவருக்கும் இடையில் ஓர் ஆள் நீளம்தான் இருக்கும். அந்த ஆள் சிக்னல்மேன்.

இந்த நிலைமையில் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். வயது குறைவு, சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாது. வந்ததும் எல்லோருக்கும் வாக்கி-டாக்கி வாங்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அதில் ஓடும் பேச்சைக் கேட்டார். ஒருவர் தூக்கு என்கிறார், ஒருவர் எடு என்கிறார், ஒருவர் வலி, ஒருவர் போலாம், ஒருவர் வெறுமனே ஹோய். கேன்டீன் சுவரில் ஒரு பலகையை மாட்டி எல்லோரையும் உட்காரவைத்தார்.

"இனிமே எல்லாருக்கும் ஒரே வார்த்தை. தூக்கணும்னா ரெய்ஸ். இறக்கணும்னா லோயர். நிறுத்தணும்னா ஸ்டாப். இதுல ஒரு விஷயம், ரெய்ஸ் வேற, ரைஸ் வேற. ரைஸ்னா தானா எழும்புறது. சூரியன் ரைஸ், புகை ரைஸ். ரெய்ஸ்னா ஒருத்தர் ஒண்ணைத் தூக்குறது. ரெய்ஸ்னு சொன்னா 'எதை?'ன்னு கேட்கலாம். ரைஸ்னு சொன்னா அந்தக் கேள்வியே வராது."

"நம்ம ஏறு, ஏத்து மாதிரியா சார்?" என்றார் சிக்னல்மேன். ஏறுவதற்கு ஒரு கையும் ஏற்றுவதற்கு இரண்டு கையும் காட்டினார்.

"அதேதான்!"

மச்சான் கடைசி பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினார். "விலைவாசி எது சார்?"

"அது ரைஸ்."

"சம்பளம்?"

மேனேஜர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அது... கம்பெனி ரெய்ஸ் பண்ணணும்."

"அநியாயத்தைப் பாருங்கடா. விலை தானா ஏறுமாம், சம்பளத்தை மட்டும் யாராவது வந்து ஏத்தணுமாம்!"

கேன்டீனே சிரித்தது, ஒருவரைத் தவிர. கொக்கு எழுந்து நின்றார்.

"சார், அந்த ரைஸை அழிச்சிடுங்க. தானா எதுவும் எழும்பாது. எது மேல போனாலும் எங்கயோ ஒருத்தன் லீவரைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பான்." கடைசி பெஞ்சைப் பார்க்காமல், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"சூரியன்?"

"அதுக்கும் யாராவது இருப்பாங்க சார். நமக்குத் தெரியாது."

மேனேஜர் விவாதத்துக்கு நிற்கவில்லை. பலகையிலிருந்து ரைஸை அழித்தார்.

தொட்டி வந்தது அதற்கடுத்த வாரம். படுத்த உருளை, மேலே நடுமுதுகில் ஆள் நுழையும் அளவுக்குக் கழுத்து வைத்த ஒரு வாய். தொழிற்சாலைக்குப் பின்னால், சோப்புத் தண்ணீர் ஓடும் சாக்கடைக் கால்வாயை ஒட்டித் தோண்டிய குழியில் அதை இறக்க வேண்டும். குழிக்குக் குறுக்கே நீராவிக் குழாய்களைச் சுமந்துகொண்டு ஓர் இரும்பு உத்தரம் ஏற்கெனவே ஓடியது. கொக்கு தொட்டியை ஒருக்களித்துச் சாய்த்து, உத்தரத்துக்கு அடியில் நூல் கோப்பதுபோல் நுழைத்து, உட்காரவைத்தார். தொட்டியைச் சுற்றிய பெல்ட்டுகள் கொக்கியிலேயே இருந்தன. உள்ளே ஒரு தாங்கியைப் பற்றவைத்து முடிக்கும்வரை, அசையாமல் இருக்க, கிரேன் ரோப்பை லேசான இழுப்பில் பிடித்திருக்க வேண்டும்.

தொட்டி இறக்கும் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழியில் தொட்டியை வைத்தால் மறுவேலை பார்க்குமுன் பாதி வயிறு தண்ணீர் ஊற்றுவார்கள். காலித் தொட்டி காலி மனிதனைப் போல, எந்தக் காற்றுக்கும் கிளம்பிவிடும். ஆனால் தண்ணீருக்குள் உட்கார்ந்து வெல்டிங் செய்ய முடியாதே. முதலில் வெல்டிங், பிறகு தண்ணீர் என்று கீழே முடிவாகியிருந்தது.

கொக்கு கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தார். அடுப்பில் வைத்த சட்டியின் அடிப்பாகம் மாதிரி கறுத்திருந்தது. இன்றைக்கு வெல்டிங் வேண்டாம், தண்ணியை ஊத்துங்க என்று சொல்லவேண்டியதுதான் முறை. சொல்வதற்கு சிக்னல்மேனைத் தேடினார். சிக்னல்மேன் மழைக்கோட்டு எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தார். வாக்கி-டாக்கி கையிலேயே இருந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. கீழே மச்சான் ஒரு காலைத் தொட்டியின் வாய்க்குள் விட்டபடி கேபினை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு நொடி நின்றார்.

கொக்கு கட்டைவிரலை எடுத்துவிட்டார். மச்சான் அடுத்த காலையும் உள்ளே விட்டார்.

மழை அதற்காகவே காத்திருந்ததுபோல் இறங்கியது. ஒவ்வொரு துளியும் எலுமிச்சம்பழ அளவு. கிடங்குக் கூரையில் விழுந்த துளிகள் எகிறி, இரண்டாம் முறை பெய்தன. கால்வாய் நிரம்பிக் கரை வழியாகக் குழிக்குள் பாய்ந்தது. இத்தனை காலம் அதில் படிந்திருந்த சோப்பெல்லாம் கரைந்து நுரைத்தது. குழி வெள்ளை வெளேரென்று பஞ்சு மெத்தைபோல ஆயிற்று. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். நுரைக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க முடியவில்லை.

கொக்கு பார்த்தது வேறு. கேபினில் இருந்த எடை மீட்டரின் முள் மெல்லச் சரிந்து, சுழியத்தில் போய்ப் படுத்தது. மீட்டரைத் தட்டினார். முள் எழவில்லை. கழுத்தை வெளியே நீட்டினார். ரோப், துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்திருந்தது. அதேநேரம் தொட்டியின் முதுகு நுரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது.

முதலில் அவர் செய்தது, தன் கையைப் பார்த்ததுதான். கை லீவரில் இல்லை. மடியில் இருந்தது.

தூக்குகிற கயிறு தொய்யாது. தொய்ந்த கயிறு தூக்காது. இது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அப்படியானால் இதைத் தூக்குவது யார்?

தொட்டி ஆடியது. அரை அடி நகர்ந்தது. அதன் வாய் உத்தரத்துக்கு நேர் கீழே போய் முட்டி, 'டங்' என்று நின்றது. தொட்டி சாய்ந்திருந்ததால், கழுத்தின் மறுவிளிம்புக்கும் உத்தரத்துக்கும் இடையில் நாலு விரல் சந்து. அதற்குள் ஒரு கை வெளியே வந்து, திரும்ப உள்ளே போனது.

வாக்கி-டாக்கி இரைந்தது.

"மாமா!"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் மாமா.

"தூக்காதீங்க மாமா! உள்ள ஆள் இருக்கேன்!"

"நான் தூக்கலை" என்றார் கொக்கு.

"தூக்கலையா? தொட்டி ஆடுது, வாசல் அடைஞ்சுபோச்சு! சாப்பாட்டுல பேசுன ஒரு பேச்சுக்கு இப்படியா பழிவாங்குவீங்க?"

"மச்சான், கேளு. என் கை லீவர்லயே இல்லை. அது தானா எழும்புது."

தொட்டிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுவதுபோல அந்தக் குரல் சொன்னது: "தானா எதுவும் எழும்பாதுன்னு கேன்டீன்ல எழுந்து நின்னு சொன்னது யாரு?"

அதற்குள் கீழே கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் குடையோடு ஓடிவந்தார். "ரெய்ஸ்! ரெய்ஸ் பண்ணுங்க!" என்று கத்தினார். தூக்கு, எடு, வலி, ஹோய் எல்லாம் பின்னாலேயே வந்தன. சிக்னல்மேன் ஒரு கையில் மழைக்கோட்டும் ஒரு கையில் விரலுமாகச் சுழற்றினார். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு என்று பொருள். சிக்னல்மேன் விரலுக்கு மறுப்புச் சொல்லும் ஓட்டுநர் தொழிலுக்கே லாயக்கில்லை என்பது எழுதாத சட்டம்.

கொக்கு முதன்முறையாக அந்தச் சட்டத்தை மீறினார். ஹாரனை நீளமாக அழுத்தினார். கீழே எல்லாச் சுழற்சியும் நின்றது.

"சார், ரெய்ஸ் பண்ணினா தொட்டிக் கழுத்து உத்தரத்துல நசுங்கிடும். ரோப்பை விட்டா தொட்டி உருண்டு, வாய் தண்ணிக்குள்ள போயிடும். இது ரெய்ஸ் இல்லை சார். ரைஸ். நுரைக்கு அடியில தண்ணி நிக்குது. தொட்டி மிதக்குது."

மேனேஜர் குடையை மடக்கி நுரைக்குள் குத்தினார். குடை கைப்பிடிவரை போனது, அடி தட்டவில்லை. குடையைக் குழியிலேயே விட்டுவிட்டார்.

"என்ன பண்ணணும், சொல்லுங்க."

"தண்ணி ஊத்தணும் சார்."

"எங்க?"

"தொட்டிக்குள்ள. கனம் ஏறினா தானா உக்காரும்."

"உள்ள ஆள் இருக்காரே!"

"தெரியும் சார். என் மச்சான்."

இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். எல்லோரும் கேபினை நிமிர்ந்து பார்த்தார்கள். மச்சானை உள்ளே வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் பார்வை அது.

மேனேஜர் மட்டும் தொய்ந்த ரோப்பைப் பார்த்தார், குடை போன இடத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. வெல்டிங் மின்சாரத்தைத் தானே ஓடிப்போய் அணைத்தார்; திரும்பும்போது தீயணைப்பு ஹோஸைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். இஸ்திரி மடிப்பு அன்றோடு போனது.

ஹோஸின் மூக்கு உத்தரத்தடியில் அந்த நாலு விரல் சந்துவரைதான் எட்டியது. அதற்குமேல் வெளியிலிருந்து தள்ள வழியில்லை. உள்ளே இருப்பவர்தான் இழுக்க வேண்டும்.

உள்ளே இருப்பவர் இழுக்கவில்லை.

"மச்சான், ஹோஸைப் பிடிச்சு உள்ள இழு."

தொட்டி முனகியது. ஒரு பக்கத்து பெல்ட் சற்று வழுக்கியது. கொக்கு லீவரைத் தொட்டு, ரோப்பின் தொய்வை மட்டும் சுருட்டினார். ஒரு நூல் கூடினால் தூக்கல், ஒரு நூல் குறைந்தால் உருளல். கோழிக்கடியில் முட்டை எடுத்ததெல்லாம் இதன் முன்னால் விளையாட்டு.

"மாமா." குரல் இப்போது சின்னதாக இருந்தது. "எனக்கு நீச்சல் தெரியாது."

"நீந்த வேணாம். நின்னா போதும்."

"அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நான் ஏன் சொல்றேன்? நீயே போய்ச் சொல்லு."

உத்தரத்தில் உரசிய இரும்புக் கழுத்து கிறீச்சிட்டது. கொக்கின் நெற்றி வியர்வை கழுத்தின் முழு நீளத்தையும் கடந்து காலருக்கு வந்து சேர்ந்தது; கொஞ்ச தூரமா அது?

"மச்சான். அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டியே, அங்க உக்காந்து என்னதான் பண்றீங்கன்னு."

கொக்கு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார்.

"இதைத்தான் பண்றேன். தூக்காமலும் விடாமலும் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். நீ வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கை நகராது. இழு."

ஹோஸின் மூக்கு ஒருமுறை துடித்தது. பிறகு, எலி வால் பொந்துக்குள் போவதுபோல, விருட்டென்று உள்ளே போனது.

மேனேஜர் வால்வைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இரண்டு தண்ணீருக்கு இடையிலான ஓட்டப்பந்தயம். வெளியே கால்வாய்த் தண்ணீர் தொட்டியை ஏற்றப் பார்த்தது. உள்ளே ஹோஸ் தண்ணீர் இறக்கப் பார்த்தது. மச்சான் தன் உடம்பையே அளவுகோலாக்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"முழங்கால்."

மீட்டர் முள் அசையவில்லை.

"தொடை. மாமா, குளிருது."

"பாடு."

"பாட்டா வருது இப்ப? இடுப்பு, மாமா. பெல்ட்டைத் தாண்டிருச்சு."

முள் தலையை நிமிர்த்தியது. தொட்டி இப்போது ரோப்பைத் தேடியது. கொக்கு ஒரு விரல் அகலம் ரோப் விட்டார். இன்னொரு விரல். கீழே சிக்னல்மேன் உள்ளங்கையைத் தரைநோக்கி மெல்ல ஆட்டினார், வீட்டில் குழம்பு கேட்பதுபோலவே. கன்னத்தில் ஓடியது மழையா வேறா என்று சொல்ல முடியவில்லை.

"நெஞ்சு. மாமா, நெஞ்சு!"

"தெரியும்."

"மாமா, கழுத்துக்கு..."

'டொக்.'

உத்தரத்திலிருந்து இரும்பு விடுபட்ட சத்தம். தொட்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. அது இறங்குகிறபோதே கொக்கு கிரேன் கையைப் பக்கவாட்டில் ஒரு சாண் ஆட்டினார். வாய் உத்தரத்தைவிட்டு விலகி வானத்தைப் பார்த்தது. அதிலிருந்து முதலில் ஹோஸ் வந்தது, பிறகு இரண்டு கை, பிறகு மச்சான். மேனேஜரும் சிக்னல்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரையில் போட்டார்கள். ஒட்டிய நுரையில் சட்டையின் பழைய கிரீஸ் கறையெல்லாம் போய், அது என்ன நிறத்துச் சட்டை என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

கொக்கு இறங்கவில்லை. தொட்டி அடியில் உட்கார்ந்து, பெல்ட்டுகளைக் கழற்றி, கொக்கி காலியாகும்வரை ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழக்கூடாது. எல்லாம் முடிந்து லீவரை விட்டபோதுதான் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டதைப் பார்த்தார். இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

கேபின் ஏணிக்குக் கீழே யாரோ நிற்பது தெரிந்தது.

"மாமா, கொஞ்சம் இறங்கி வாங்க. நடக்கத் தோள் வேணும்."

"எதுவா இருந்தாலும் சிக்னல்மேன்கிட்ட சொல்லி அனுப்பு."

"அவர் அழுதுட்டிருக்கார் மாமா."

கொக்கு இறங்கினார்.

மறுநாள் கேன்டீனில் கொக்கு, யாரும் கேட்காமலே பலகையருகே போய், சாக்கட்டியை எடுத்து, அழித்த இடத்தில் ரைஸ் என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் சூரியன், புகை, விலைவாசி, கடைசியில் தொட்டி என்றும் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் யாரோ ஒரு பெரியப்பா, "மாப்பிள்ளை அங்க உக்காந்து என்னதான் பண்றார்?" என்று பழைய சிரிப்பை மறுபடி கிளப்பப் பார்த்தார். மச்சான் சோற்றிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "பிடிச்சுக்கிட்டு இருக்கார் பெரியப்பா. நீங்க சாப்பிடுங்க."

சந்தேகப்பட்டுப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தத் தொழிற்சாலையில் இருப்பது ஒரே ஒரு தொட்டி. கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அது மொட்டைமாடியில்தான் இருக்கிறது.